டிடபிள்யூசிம் ஃப்ளோஷீட் திட்டம்: லேப் எடுக்கும் ஆசிரியையின் அனுபவம்

வேதிப் பொறியியல் மூன்றாம் ஆண்டுக்கு நான்தான் சிமுலேஷன் லேப் (தொழிற்சாலைச் செயல்முறையைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் வகுப்பு) எடுக்கிறேன். முன்பெல்லாம் மாணவர்கள் மேனுவலில் உள்ள பயிற்சிகளை அப்படியே செய்து, ரெக்கார்டு நோட்டில் பிரிண்ட் ஒட்டி, கையெழுத்து வாங்குவார்கள். விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் லேப் கணினியில் மட்டும்தான் ஓடும். மாலையில் லேப்பைப் பூட்டினால் படிப்பும் முடிந்தது.

அதை மாற்றியது, கல்வியில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் ஐஐடி பம்பாயின் ஃபாஸி குழு நடத்தும் டிடபிள்யூசிம் ஃப்ளோஷீட் (செயல்முறை வரைபடம்) திட்டம். டிடபிள்யூசிம் இந்த சிமுலேஷனைச் செய்யும் கட்டற்ற மென்பொருள், மாணவர்களின் லேப்டாப்பிலேயே இலவசமாக ஓடும். ஒரு தயாரிப்பு முறையை மாணவரே தேர்ந்தெடுத்து, சிமுலேட் செய்து அனுப்ப வேண்டும். அங்கே சரிபார்த்து, அவர் பெயரோடு பொதுவில் வெளியிடுவார்கள். யார் வேண்டுமானாலும் அந்தக் கோப்பை இறக்கி ஓட்டிப் பார்க்கலாம்.

ஒரு மாணவி எத்தனால்-தண்ணீர் கலவையை டிஸ்டிலேஷன் டவரில், அதாவது கொதிக்க வைத்து ஆவியாக்கிப் பிரிக்கும் கோபுரத்தில், பிரிக்க எடுத்துக்கொண்டாள். "மேடம், மேலே 99 சதவீத எத்தனால் வருது!" என்று சந்தோஷமாக வந்து நின்றாள். முன்பென்றால் "தப்பு, என்ஆர்டிஎல் போடு" என்று, கணக்குக்கு எந்த மாடல் என்பதை நானே சொல்லி முடித்திருப்பேன். அன்று, "உன் கோப்பை முன்பின் தெரியாத ஒருவர் திறந்தால் முதலில் என்ன கேட்பார்?" என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவளே விடையோடு வந்தாள். அவள் தேர்ந்தெடுத்திருந்த மாடல் ரவுல்ட் விதி, கலவையை இலட்சியக் கலவையாக எடுத்துக்கொள்ளும் எளிய விதி. அந்தக் கணக்கில் அசியோட்ரோப், அதாவது ஆவியும் திரவமும் ஒரே விகிதத்தில் இருப்பதால் மேலே பிரிக்க முடியாத நிலை, என்பதே வராது. உண்மையில் சாதாரண அழுத்தத்தில், வெறும் டிஸ்டிலேஷனில், எடையில் சுமார் 95.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. இலட்சியமல்லாத கலவைகளுக்கான என்ஆர்டிஎல் மாடலுக்கு மாற்றியதும், எத்தனை தட்டு கூட்டினாலும் டவர் அங்கேயே நின்றுவிட்டது. தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் நான் கரும்பலகையில் அசியோட்ரோபைக் காட்ட வரைந்த அதே வளைகோடுதான். அவளுக்கு அது அன்றைக்குத்தான் புரிந்தது. விடையைச் சொல்லாமல் பொறுத்திருக்க நானும் அன்றைக்குத்தான் கற்றேன்.

மென்பொருளை நான் பழகியது ஸ்போக்கன் டுடோரியல் என்ற வீடியோ பாடங்களில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். பாதித் திரையில் வீடியோ, மீதியில் மென்பொருள், நிறுத்தி நிறுத்திச் செய்து பார்க்க வேண்டும்.

"கம்பெனியில் ஆஸ்பென்தானே மேடம்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். ஆஸ்பென் என்பது விலை கொடுத்து வாங்கும் சிமுலேஷன் மென்பொருள். நியாயமான கேள்விதான். ஆனால் எந்தக் கலவைக்கு எந்த மாடல் என்ற தீர்மானத்தை அங்கேயும் நாம்தான் எடுக்க வேண்டும்.

சேர நினைக்கும் ஆசிரியர்கள் பருவத்தின் முதல் வாரமே தொடங்கிவிடுங்கள், திருத்தி அனுப்ப நேரம் வேண்டும். இன்டர்னல் மதிப்பெண்ணை வெளியீட்டோடு முடிச்சுப் போடாதீர்கள். முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் நடுவே என்ன மாறியது, ஏன் மாறியது என்று எழுதி வாங்குங்கள். நான் அதற்குத்தான் மதிப்பெண் போடுகிறேன்.