பொலிகுதிரையும் போலி அட்டையும்

நியூசிலாந்தின் கான்டர்பரி வட்டாரத்துப் பழைய வேளாண் அச்சுப் பொருட்களைச் சேகரிக்கும் தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறோம். ஆயினும் ஒருவரையொருவர் கேட்டுத்தான் எதையும் வாங்குகிறோம் என்பதால், 480 டாலர் கொடுத்து நான் ஏமாந்த கதையை ஒளிக்காமல் எழுதுவது கடமை என்று நினைக்கிறேன். நான் வாங்கியது 1874ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு பொலிகுதிரை அட்டை. விற்றவர் தென்தீவில் கடை வைத்திருக்கும் பழம்பொருள் வணிகர். வழக்கு நிலுவையில் இருப்பதால் அவருடைய பெயரையும், அவரை அடையாளம் காட்டிவிடக்கூடிய குதிரையின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை.

பொலிகுதிரை அட்டை என்றால் என்னவென்று அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பொலிகுதிரை என்பது இனவிருத்திக்கென்று வளர்க்கப்படும் ஆண்குதிரை. கான்டர்பரி சமவெளியில் கோதுமைச் சாகுபடி பெருகிய 1870களிலும் 80களிலும் கலப்பையையும் அறுவடை இயந்திரத்தையும் இழுத்தவை கனத்த உழவுக் குதிரைகளே. ஆஷ்பர்ட்டனுக்கு அருகே சதுப்பு நிலத்தை வடித்து ஜான் கிரிக் உருவாக்கிய லாங்பீச் போன்ற 32,000 ஏக்கர் பண்ணைக்குச் சொந்தமாகப் பொலிகுதிரை வைத்துக்கொள்ள முடியும். நூறு இருநூறு ஏக்கர் வைத்திருந்த குடியானவருக்கு அது கட்டுப்படியாகாது. எனவே குதிரைக்காரர் ஒருவர் பிடரிமயிரைப் பின்னி நாடா கட்டிய குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக நடந்தே போவார். திங்கட்கிழமை நண்பகல் இன்ன விடுதி, இரவு இன்ன பண்ணை என்று ஆறு நாளுக்கும் வழித்தடம் வகுக்கப்பட்டிருக்கும். எங்கள் காங்கேயம் பக்கத்தில் பொலிகாளை வைத்திருப்பவர் வீட்டுக்குப் பசுவை ஓட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். இங்கே பொலிகுதிரையே வாசலுக்கு வந்தது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்புதான் இந்தச் சேகரிப்புப் பித்துக்கே காரணம்.

அந்த வழித்தடத்தையும், குதிரையின் தந்தை தாய் வழியையும், கட்டணத்தையும் அச்சிட்டுக் கொடுத்த மடிப்புத்தாளே அந்த அட்டை. கட்டணம் பவுண்டிலோ கினியிலோ இருக்கும். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். அதற்குமேல் குதிரைக்காரருக்கென்று சில ஷில்லிங் தனி. பெரும்பாலும் ஜனவரி முதல் தேதியில் பணம் கட்ட வேண்டும் என்றிருக்கும். சினைக்கு உத்தரவாதம் கேட்டால் தொகை கூடும். விடப்படும் பெட்டைக்குதிரைகள் நன்கு கவனிக்கப்படும், ஆனால் எதற்கும் பொறுப்பேற்க இயலாது என்ற வாசகமும் அனேகமாக இருக்கும். வாரம் தவறாமல் அதே தடத்தில் திரும்பி வருவதில் ஒரு கணக்கும் உண்டு. சினை பிடிக்காத பெட்டை ஏறத்தாழ 21 நாளில் மீண்டும் பருவத்துக்கு வரும் என்பதால், மூன்றாம் வாரம் வரும்போது அதை மறுபடி சோதித்துப் பார்த்துவிட முடியும்.

என்னிடம் வந்த அட்டை பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. பழுப்பேறிய தாள், மடிப்பில் லேசான கிழிசல், மேல் இடது மூலையில் குண்டூசி துருப்பிடித்த கறை, நடுவில் கழுத்தை வளைத்து நிற்கும் கிளைட்ஸ்டேல் என்னும் ஸ்காட்லாந்து உழவுக்குதிரையின் செதுக்குப் படம். ஒரு பண்ணை வீட்டின் பரணில் கிடைத்தது என்று வணிகர் சொன்னார். எந்தப் பண்ணை என்று நான் கேட்கவில்லை. அதுதான் முதல் தவறு. வீட்டுக்கு வந்ததும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டினேன். அதுதான் இரண்டாவது தவறு, ஏனெனில் கண்ணாடிக்குள் போன தாளின் பின்புறத்தை யாரும் பார்ப்பதில்லை.

கிறைஸ்ட்சர்ச்சில் நவம்பரில் நடக்கும் வேளாண் கண்காட்சியில் உழவுக்குதிரைப் பகுதியில் அறிமுகமான ஒரு முதிய விவசாயியிடம் கைப்பேசியில் எடுத்த படத்தைப் பெருமையுடன் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்து முடித்ததும், “குதிரை ஆஷ்பர்ட்டனில் நிற்கிறது, பருவம் மட்டும் ஸ்காட்லாந்தில் நிற்கிறதே” என்றார். அட்டையில் பருவம் ஏப்ரல் முதல் ஜூலை வரை என்று அச்சிடப்பட்டிருந்தது. பகல்பொழுது நீளத் தொடங்கும்போதுதான் பெட்டைக்குதிரைகள் பருவத்துக்கு வருகின்றன. வடகோளத்தில் அது ஏப்ரல், தென்கோளத்தில் செப்டம்பர். குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ பதினொரு மாதம். மே மாதம் சேர்த்தால் குட்டி ஏப்ரலில், புல் தேய்ந்து குளிர் இறங்கும் நேரத்தில் வந்து விழும். அப்படி ஒரு அட்டையை அச்சடித்து நீட்டியிருந்தால் கான்டர்பரிக் குடியானவர் ஒருவர்கூடத் தம் பெட்டையைக் கொட்டிலிலிருந்து அவிழ்த்திருக்க மாட்டார். பிரித்தானிய அட்டை ஒன்றை எடுத்து ஊர்ப்பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பது அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. பதினைந்து ஆண்டுகளாக இந்த நாட்டில் டிசம்பரில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும் எனக்கு அது தோன்றவில்லை என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

அன்றிரவே நியூசிலாந்து தேசிய நூலகம் கட்டணமின்றித் திறந்து வைத்திருக்கும் ‘பேப்பர்ஸ் பாஸ்ட்’ செய்தித்தாள் தொகுப்பில் தேடினேன். ‘தி பிரஸ்’, ‘லிட்டல்டன் டைம்ஸ்’, 1879இல் தொடங்கிய ‘ஆஷ்பர்ட்டன் கார்டியன்’ ஆகியவற்றில் நான் பார்த்த பொலிகுதிரை விளம்பரங்கள் எல்லாம் குளிர்காலம் முடியும் தறுவாயில் தலைகாட்டி, கோடைத் தொடக்கத்தோடு மறைபவை. அந்தத் தேடலின்போது வேறொன்றும் உறைத்தது. என் அட்டையில் கிளைட்ஸ்டேல் வம்சாவளிப் பதிவேட்டின் எண் இருந்தது. ஆனால் ஸ்காட்லாந்தில் கிளைட்ஸ்டேல் குதிரைச் சங்கம் அமைந்ததே 1877இல்தான். பதிவேட்டின் முதல் தொகுதி 1878இல் வெளிவந்தது. 1874இல் அச்சான அட்டைக்கு அந்த எண் எங்கிருந்து கிடைத்தது?

சட்டத்தைக் கழற்றித் தாளின் பின்புறத்தை விரலால் தடவினேன். ஈய எழுத்தைக் கோத்து அழுத்தி அச்சிட்ட தாளில் பெரும்பாலும் பின்புறம் லேசாகப் புடைத்திருக்கும். இதிலோ கண்ணாடி போன்ற வழவழப்பு. பிறகு உருப்பெருக்கிக் கண்ணாடியை மூலையிலிருந்த துருக்கறையின் மேல் வைத்தேன். துரு முழுவதும் மஞ்சளும் சிவப்பும் கருப்புமான பொடிப்பொடிப் புள்ளிகள். குண்டூசி ஏறிய துளை எங்கும் இல்லை. துருவையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்.

வணிகருக்கு மரியாதையாகவே ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பருவம் தவறு என்பதையும், பதிவேட்டு எண் காலத்துக்குப் பொருந்தாது என்பதையும் சான்றுகளோடு விளக்கிப் பணத்தைத் திருப்பித் தரும்படி கேட்டேன். பழம்பொருட்கள் உள்ளது உள்ளபடியே விற்கப்படுகின்றன என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. இரண்டாவது கடிதத்தில், விற்பனைக்குரிய பொருள் அதைப் பற்றிச் சொல்லப்பட்ட விவரத்தோடு பொருந்த வேண்டும் என்று இந்நாட்டின் 1993ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் சொல்வதை எடுத்துக்காட்டினேன். அதன்பிறகு குரல் சற்று இளகியது. வெளியில் எதுவும் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டால் பாதித் தொகையைத் தருவதாகச் சொன்னார். நான் மறுத்துவிட்டு, வழக்கறிஞர் இல்லாமலே நாமே பேசிக்கொள்ளக்கூடிய தகராறு தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்தேன். விசாரணை அடுத்த மாதம்.

தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற வாரம் அதே வணிகர் இன்னொரு பொலிகுதிரை அட்டையை விற்பனைக்கு வைத்திருக்கிறார். குதிரையின் பெயர் வேறு, ஆண்டு 1881, விலை 650 டாலர். பருவம் இப்போது செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்று மிகச் சரியாக இருக்கிறது. ஆண்டு 1878ஐத் தாண்டிவிட்டதால் பதிவேட்டு எண்ணிலும் குறை சொல்ல முடியாது. என் கடிதத்தைக் கவனமாகப் படித்திருக்கிறார் என்பதில் ஐயமில்லை; 480 டாலரும் வாங்கிக்கொண்டு பாடமும் இலவசமாகக் கேட்டுக்கொண்டார்.

கடிதத்தில் நான் எழுதாதவை மட்டும் அப்படியே இருக்கின்றன. மேல் இடது மூலையில் அதே துருக்கறை, அதே சாய்வில். வழித்தடத்தில் செவ்வாய் நண்பகல் ரக்காயா, அன்றிரவே ஜெரால்டின். இரண்டுக்கும் இடையே சுமார் எண்பது கிலோமீட்டர். நடுவில் ரங்கிட்டாட்டா ஆறு வேறு. ஒரு டன் எடையை நெருங்கும் குதிரையை அரை நாளில் அவ்வளவு தூரம் நடத்திப் போனால், ஜெரால்டினில் காத்திருக்கும் பெட்டைக்குதிரைக்கு வந்து சேர்வது பொலிகுதிரையாக இருக்காது. என் அட்டையிலும் இதே தடம்தான் இருந்தது. கடிதம் எழுதும்போது நான் வரைபடத்தைப் பார்க்காமல் விட்டிருந்தேன்.

ஆகவே இதுபோன்ற அட்டை உங்களிடம் வந்தால் சட்டத்திலிருந்து கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பண்ணையிலிருந்து கிடைத்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். ஊர்களுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். அந்தப் புதிய அட்டையின் படத்தை நான் பதிவிறக்கி வைத்திருக்கிறேன். ஏற்கெனவே வாங்கியவர்கள் யாரேனும் இருந்தால் விசாரணைக்கு முன் எனக்குத் தெரிவிக்கவும். இந்தப் பதிவையும் படித்து அவர் வழித்தடத்தைத் திருத்திக்கொள்வாரோ என்று ஒரு நண்பர் கவலைப்பட்டார். அதற்கு அவர் முதலில் தமிழ் படிக்க வேண்டும்.