தட்டை வரைபடமா, கட்டடத் தகவல் மாதிரியா?

கணினியில் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 1982-இல் வந்தபோது வரைபலகையைத்தான் மாற்றியது. அந்தத் தட்டை வரைபடத்தில் சுவரும் வெறும் கோடாகவே இருந்தது. பிம் (BIM) எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியில் சுவர், தன் தடிமனும் பொருளும் அறிந்த சுவராகவே பதிவாகிறது. அதை நகர்த்தினால் தளப்படம், வெட்டுமுகம், அளவுப்பட்டியல் மூன்றும் சேர்ந்தே மாறும்.

திருப்பூர்ப் பக்கம் எழும் ஒரு நூற்பாலையில், ஈரப்பதம் காக்கும் காற்றுக்குழாய்களையும் தீயணைப்புக் குழாய்களையும் மின்கம்பித் தட்டுகளையும் வெவ்வேறு ஒப்பந்ததாரர்கள் தனித்தனித் தாள்களில் வரைந்தால், ஒரு குழாய் கட்டடத்தின் உத்தரத்தில் முட்டுவது பெரும்பாலும் கான்கிரீட் இறுகிய பிறகே தெரியவரும். அப்புறம் துளையிடும் எந்திரத்தைத் தேட வேண்டியதுதான். மாதிரிகளை ஒன்றிணைத்து மோதல் சோதனை நடத்தினால் அது கணினித் திரையிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் மாதிரியில் சேர்க்காத சாரமும் முட்டுப்பலகையும் அளவுப்பட்டியலிலும் வராது. மென்பொருள் சந்தா, பயிற்சி ஆகியவற்றின் செலவும் உண்டு. தளத்து மேஸ்திரி கையில் வைத்திருப்பது எப்படியும் அச்சிட்ட தாள்தான். ஈரோட்டில் 1,200 சதுர அடியில் வீடு கட்டுபவருக்குத் தட்டை வரைபடமே போதும் என்பது என் கருத்து.

பிரிட்டன் அரசு 2016 முதல் மைய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு பிம்மைக் கட்டாயமாக்கியது. பிம் பணியில் யார், எப்போது, எந்தத் தகவலைத் தர வேண்டும் என்பதற்கான பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 19650 2018-இல் வெளிவந்தது. ஆலை முதலாளி மென்பொருள் வாங்குமுன், சென்ற கட்டடத்தில் இடித்துக் கட்டியதற்கான செலவைக் கணக்கெடுத்து, சந்தாத் தொகையுடன் ஒப்பிடுவது நல்லது.