கடலூர்ல ஷேர் மார்க்கெட் கிளாஸ்: காலைல போலாம், மத்தியானம் வேணாம்

மஞ்சக்குப்பத்துல மாடில ஒரு ஷேர் மார்க்கெட் கிளாஸ் நடக்குது, ஞாயித்துக்கிழமை மட்டும், 2,500 ரூபா. ஐடி கம்பெனி மூணு மாசத்துக்கு ஒரு தடவ விடற லாபக் கணக்கு, அதாவது ரிசல்ட்ட படிச்சு ஷேர் விலை எங்க போகும்னு கணிக்கக் கத்துத் தர்றாங்களாம். பேரு போட விரும்பல, ஊர்க்காரங்களுக்கு எதுன்னு தெரியும். பாதிப்பேர் நெய்வேலி என்எல்சில ரிட்டயர் ஆனவங்க, மீதி பாண்டிலேர்ந்து பஸ்ல வந்த ஐடி பசங்க.

காலை செஷன் சும்மா சொல்லக்கூடாது, சூப்பர். சார் 2023 ஏப்ரல் 13 இன்ஃபோசிஸ் ரிசல்ட்ட ஸ்க்ரீன்ல போட்டு கடைசி வரிய மட்டும் ஒரு பேப்பரால மறைச்சிட்டாரு. லாபம் 6,128 கோடி, முந்தின வருஷம் அதே குவார்ட்டர விட 8% கிட்ட ஜாஸ்தி, இப்ப வாங்குவீங்களா விப்பீங்களான்னு கேட்டாரு, முக்காவாசிப் பேர் வாங்குவோம்னு கை தூக்கினாங்க. பேப்பர எடுத்தா அடுத்த வருஷ கைடன்ஸ், அதாவது வருமானம் எவ்ளோ வளரும்னு கம்பெனியே சொல்ற கணிப்பு, வெறும் 4லேர்ந்து 7%, அதுக்கு முன்னாடி வருஷம் வளர்ந்ததோ 15% சொச்சம். மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி லீவு, திங்கக்கிழமை மார்க்கெட் தொறந்ததும் செம அடி, 1,390 கிட்ட இருந்த ஷேர் 1,260 கிட்ட முடிஞ்சுது. ஒரு ஷேருக்கு 57 ரூபா சம்பாதிக்கிற கம்பெனிக்கு அதப்போல 24 மடங்கு விலை குடுத்தவன் வளர்ச்சி கம்மின்னு தெரிஞ்சதும் 22 மடங்குதான் குடுப்பேன்ங்கறான், லாபம் அப்படியேதான் இருக்கு, மடங்குதான் கொறஞ்சுதுன்னு அவர் சொன்ன விதம் பக்கத்துல இருந்த பெரியவருக்கே பளிச்னு புரிஞ்சுது, "இத முன்னாடியே யாராவது சொல்லிருந்தா நல்லாருந்துருக்கும் தம்பி"ன்னாரு. டாலர் ஏறி இறங்கறத கழிச்சிட்டுப் பாக்கற கான்ஸ்டன்ட் கரன்சி வளர்ச்சியும் நல்லா சொன்னாரு.

மத்தியானம் வேற ஆளு, வேற கதை. ஏதோ ஏஐ சாஃப்ட்வேராம், கம்பெனி பேர போட்டா அடுத்த ரிசல்ட் அன்னிக்கு விலை எவ்ளோன்னு பைசா சுத்தமா சொல்லுது. 2024 ஆகஸ்ட்ல ஏஐ சிப் பண்ற என்விடியா கம்பெனி ஒரு குவார்ட்டருக்கு 3,000 கோடி டாலர் வருமானம் காட்டுச்சு, வருஷத்துக்கு 122% வளர்ச்சி, எதிர்பார்த்தத விட ஜாஸ்தி, அப்பறம் ஏன் சார் மறுநாள் 6% விழுந்துச்சுன்னு ஒரு பையன் கேட்டான். "அது சென்டிமென்ட்"னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போயிட்டாரு. லாபம் நல்லாருந்தாலும் மடங்கு கொறஞ்சா விலை விழும்னு காலைல கத்துக்கிட்டதுக்கே நேர் எதிரா இருக்கு இது! அப்பறம் டெலிகிராம் குரூப், மாசம் தனிக் காசு. எந்த ஷேர வாங்கலாம்னு சொல்றவங்க மார்க்கெட்ட கண்காணிக்கற செபிகிட்ட பதிவு பண்ணி வாங்கற ரிசர்ச் அனலிஸ்ட் நம்பர், ஐஎன்ஹெச்னு ஆரம்பிக்குமே, அது இருக்கான்னு கேட்டேன், "நாங்க எஜுகேஷன் மட்டும்தான் சார்"ங்கறாரு. எஜுகேஷன்னா மூணு மாசத்துக்குள்ள இருக்கற விலைய வச்சு பாடம் எடுக்கக்கூடாதுன்னு 2025 ஜனவரிலயே செபி சொல்லிடுச்சு, இவர் நாளைக்கு விலை எங்க போகும்னே டார்கெட் போடறாரு.

டீ, மெதுவடை நல்லாருந்துச்சு. ஏசி பேருக்குத்தான். காலைக்கு மட்டும் பாதி ஃபீஸ் வாங்கிப்பீங்களான்னு கேட்டுப் பாத்தேன், ஃபுல் டேதான் தருவோம்னுட்டாங்க. மதியம் சாப்புட எறங்கினா அப்படியே பஸ் ஏறி ஊருக்குக் கெளம்பிடலாம்.