உப்புக்காற்றில் நான்கு ஆண்டுகள்: விலை குறைந்த ரேமும் விலை கூடிய ரேமும்

2021 கடைசியில் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் நானும், உச்சிப்புளியில் என் சித்தப்பா மகனும் ஒரே வாரத்தில் கணினி வாங்கினோம். திரையில் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டுகள் யானை விலை விற்ற நேரம் அது. நான் கார்டே வாங்காமல், உள்ளேயே கிராபிக்ஸ் கொண்ட ரைசன் 5 5600ஜி பிராசசரை நம்பினேன். அதற்கு உறையில்லாத வெறும் பச்சைப் பலகையாக ஒரு 8 ஜிபி ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்): டிடிஆர்4 வகை, 3200 வேகம், சிஎல்22. சிஎல் என்பது தரவுக்காகக் காத்திருக்கும் அளவு, எண் குறைந்தால் நல்லது. தம்பி 5600எக்ஸ் பிராசசரும் கார்டும் போட்டு, உலோக உறையும் வண்ண விளக்கும் கொண்ட 3600 வேக, சிஎல்16 ஜோடி ரேம் வாங்கினான்.

தாளில் பார்த்தால் வித்தியாசம் பெரிது. கேட்ட தரவை எடுத்துக் கொடுக்க என் ரேமுக்கு 13.75 நானோ நொடி, அவனுடையதற்கு ஏறத்தாழ 8.9. ஆனால் முதல் எட்டு மாதம் அவன் கொடுத்த பணம் வீண்தான். பயாஸில், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில், எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கினால்தான் அந்த ரேம் 3600-இல் ஓடும். கட்டிக் கொடுத்த கடையில் அதைச் செய்யவில்லை. அது 2133-இல் ஓடிக்கொண்டிருந்தது. என் மலிவு ரேமோ எந்த அமைப்பும் கேட்காமல் முதல் நாளிலிருந்தே 3200-இல் ஓடியது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகம் தெரியும். இதைப் படிப்பவர்கள் முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

என் கணினியில் உண்மையான மாற்றம் வந்தது, அதே வகையில் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகிய அன்று. அதுவரை ஜிடிஏ 5 விளையாட்டில் வண்டி ஓட்டினால் படம் திக்கித் திக்கி நகரும். இரண்டு ரேமும் இரு பாதைகளில் சேர்ந்து ஓடும் டியூயல் சேனல் ஆனதும் அதே பிராசசர் வேறு இயந்திரம் போல ஓடியது. உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. ரேமிலிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது. பாதை இரண்டானதும் மூச்சு விட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேம்களை மாற்றிப் போட்டுப் பார்த்தோம். அவனுடைய கணினியில் என் ரேம் ஓடியபோது, விளையாட்டின் உயர் தர அமைப்பில் நொடிக்கு நான்கைந்து பிரேம் (திரையில் வரும் படங்கள்) தான் குறைந்தது. ஆடும்போது கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் ரேம் என் கணினிக்கு வந்தபோது முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. கார்டு வாங்கப் பணம் இல்லாதவருக்குத்தான் வேகமான ரேம் அதிகம் உதவுகிறது. கடைகளில் இதை நேர் எதிராகச் சொல்லி விற்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்தது, எங்கள் ஊருக்கே உரிய விஷயம். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனதற்குக் காரணமான அரிப்பு, எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியிலும் இருக்கிறது. 2023-இல், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் ஒருநாள் என் கணினி ‘பீப்’ ஒலி மட்டும் எழுப்பியது, திரை வரவில்லை. ரேமைக் கழற்றி, செருகும் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்தினேன், வந்துவிட்டது. அடுத்த மாதமே தம்பியின் கணினிக்கும் அதே நோய், அதே மருந்து. உலோக உறை சில்லுகளை மட்டும்தான் மூடுகிறது. தங்க முலாம் பூசிய பற்கள் இரண்டு ரேமிலும் ஒரே மாதிரி திறந்துதான் கிடக்கின்றன. மூன்றாம் ஆண்டில் அவன் ரேம் ஒன்றில் பாதி விளக்குகள் அணைந்தன. நினைவகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது இருவரும் ஆண்டுக்கு இருமுறை, கச்சான் தொடங்குமுன்னும் ஓய்ந்த பின்னும், கழற்றித் துடைத்துவிடுகிறோம். கணினியைக் கடல் பக்க ஜன்னலிலிருந்து உள்சுவருக்கு மாற்றியதும் பெரிய உதவி.

2025 கடைசியில், செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை கடுமையாக ஏறியது. இந்த நேரத்தில் விளக்குக்கும் உறைக்கும் பணம் கொடுக்க எனக்கு மனம் வராது. தங்கை கல்லூரிக்குப் போகிறாள், அவளுக்கும் கார்டு இல்லாத கணினிதான். 3200 வேகம், சிஎல்16, விளக்கில்லாத 8 ஜிபி ஜோடி ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறேன். வந்ததும் எக்ஸ்எம்பியை நானே இயக்கிக் கொடுப்பேன்.