இறுகிப்போன லென்ஸ் ரிங்: ரப்பரா, ஸ்பேனரா, அசிட்டோனா, சூடா?

பழைய ஹீலியோஸ் 44-2 ஒன்று கைக்கு வந்தால், என்றாவது ஒருநாள் அதைத் திறக்க வேண்டிவரும். சோவியத் ஒன்றியத்தின் ஜெனிட் கேமராக்களோடு வந்த 58 மி.மீ. லென்ஸ் அது. ஜெர்மனியின் கார்ல் ஜெய்ஸ் ஜெனா நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது. பின்னணியைச் சுழற்றிக் காட்டும் அழகுக்காக இன்றும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே பூஞ்சையோ எண்ணெய்ப் படலமோ தெரியும். துடைக்கலாம் என்று உட்கார்ந்தால், கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரிங் அசையவே அசையாது.

எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன்னால், ரிங் ஏன் இறுகியது என்று பார்க்க வேண்டும். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். தானாகக் கழலாமல் இருக்க மரையில் வைத்த வார்னிஷ். காய்ந்து பசையாகிவிட்ட கிரீஸ். அல்லது கீழே விழுந்து நசுங்கிய விளிம்பு. நான்காவதாக ஒன்றும் உண்டு: சோவியத் லென்ஸ்களில் ரிங்கைப் பக்கவாட்டிலிருந்து கடுகளவு திருகு ஒன்று பிடித்திருப்பது சகஜம். அது இருக்கும்போது எந்த முறையும் பலிக்காது, மரைதான் கெடும். முதலில் பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிலும் தேடிவிடுங்கள். பெயின்ட் அடைத்து மறைந்திருக்கவும் கூடும்.

ரப்பரும் ஸ்பேனரும் போட்டியாளர்களே அல்ல. லென்ஸின் பெயர் பொறித்த முன் ரிங் போல வெட்டு இல்லாத ரிங்குக்கு ரப்பர்; இரண்டு வெட்டுகள் உள்ள ரிங்குக்கு ஸ்பேனர், அதாவது இரண்டு முனைகளை அந்த வெட்டுகளில் வைத்துத் திருப்பும் லென்ஸ் கருவி. ரப்பர் குழாயோ நடுவில் குழிந்த ரப்பர் அடைப்போ ரிங்கை மட்டும் தொட வேண்டும், கண்ணாடியைத் தொடக்கூடாது. ரிங்கையும் ரப்பரையும் ஆல்கஹாலில் துடைத்துவிட்டுத் திருகினால் பிடிப்பு பல மடங்கு கூடும். ரப்பரால் கெடுதல் எதுவும் வராது, ஆனால் வார்னிஷ் பிடித்த ரிங்கிடம் அது தோற்றுவிடும்.

ஸ்பேனர் பலசாலி, அதனாலேயே ஆபத்தானது. முனை வெட்டுக்குள் சரியாக நிறைந்து உட்கார வேண்டும். ஊசிமுனையைத் தட்டையான வெட்டில் வைத்தால் உலோகத்தைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறும், அடுத்த கணம் கண்ணாடியில் கோடு. மலிவான ஸ்பேனரில் கைகள் வளையும். அழுத்தும்போது முனைகள் விரிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கனமான குறுக்குச் சட்டம் உள்ளதை வாங்குங்கள். காம்பஸ், வெர்னியர் காலிப்பர் எல்லாம் வேண்டவே வேண்டாம். ரிங்கின் உள்விட்டத்துக்கு அட்டை வட்டம் ஒன்று வெட்டிக் கண்ணாடிமேல் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால், முனை நழுவினாலும் லென்ஸ் பிழைக்கும்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு விஷயம், பலரும் கவனிக்காதது: லென்ஸ் உடலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். மெல்லிய அலுமினியக் குழல் இரண்டு பக்க அழுத்தத்தில் லேசாக முட்டை வடிவமாகி, உள்ளே இருக்கும் ரிங்கைக் கவ்விக்கொள்ளும். உள்ளங்கை முழுதும் சுற்றிப் படும்படி பிடித்தால் போதும். முதலில் இறுக்கும் பக்கம் மெல்ல ஒரு தள்ளு, அப்புறம் கழற்றும் பக்கம். காய்ந்த வார்னிஷ் அந்த முதல் அசைவிலேயே விரிசல் விடுவதுண்டு.

என்னைக் கேட்டால், பெரும்பாலான ரிங்குகளைத் திறப்பது கரைப்பான்தான். மற்றவை அதற்குத் துணை. ஆனால் எந்தக் கரைப்பான் என்பது முக்கியம். அரக்கு வைத்து ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலே கரைத்துவிடும். பெயின்டும் நைட்ரோ வார்னிஷும் அசிட்டோனுக்குத்தான் மசியும். லைட்டர் பெட்ரோல் கிரீஸைக் கரைக்கும், வார்னிஷைத் தொடாது. மென்மையானதிலிருந்து தொடங்கி அசிட்டோனுக்கு வருவது என் வழக்கம்.

பல்குச்சி நுனியில் ஒரு துளி எடுத்து ரிங்கும் உடலும் சேரும் கோட்டில் வைத்தால், இடுக்கு அதைத் தானே உறிஞ்சிக்கொள்வது தெரியும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் வைத்துவிட்டுச் சில நிமிடம் பொறுங்கள், மறுபடி வையுங்கள். துளி பெரிதானால் உள்ளே ஓடிக் கண்ணாடி விளிம்பின் கறுப்புப் பூச்சைக் கரைக்கும், கண்ணாடிகளுக்கு நடுவில் மங்கலாகப் படியும். பெயர் ரிங்கில் எழுத்துகளின் வண்ணமும் கரைந்து போகும். பிளாஸ்டிக் பாகம் உள்ள லென்ஸ் என்றால் அசிட்டோன் பக்கமே போகக்கூடாது.

சூடு பற்றி நிறைய நம்பிக்கை உலவுகிறது. உலோகம் விரிந்து ரிங் தளரும் என்பார்கள். அலுமினியம் பித்தளையைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரியும், உண்மைதான். ஆனால் 50 மி.மீ. விட்டத்தில் 40 டிகிரி சூடேற்றினால் அந்த வித்தியாசம் 0.01 மி.மீ.கூடக் கிடையாது. அதுவும் உடல் அலுமினியமாகவும் ரிங் பித்தளையாகவும் இருந்தால்தான் லாபம். மாறி இருந்தால் இன்னும் இறுகும். சூட்டின் உண்மையான பயன் வார்னிஷையும் காய்ந்த கிரீஸையும் இளக்குவதில்தான் இருக்கிறது. ஹேர் டிரையரை நகர்த்திக்கொண்டே, கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கினால் போதும். ஹீலியோஸில் நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். அவற்றில் இரண்டு தொகுதிகள் ஒட்டிய ஜோடிகள். பழைய லென்ஸ்களில் ஒட்டப் பயன்படுத்திய கனடா பால்சம் அதிகச் சூட்டில் இளகும், ஜோடி பிரிந்தால் லென்ஸ் வீண். அசிட்டோன் முழுதும் காய்ந்த பிறகே சூடு காட்ட வேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும்.

டபிள்யூடி-40 போன்ற எண்ணெய் ஸ்பிரேக்களை ஒரே வரியில் தள்ளிவிடலாம்: லென்ஸுக்குள் புகுந்த எண்ணெய், ஒளி நுழையும் துளையைச் சுருக்கி விரிக்கும் தகடுகளில் பரவி, நாளடைவில் கண்ணாடியிலும் படலமாகப் படியும்.

ஆகவே வரிசை இப்படி: திருகு இருக்கிறதா என்று தேடல், கரைப்பான், பொறுமை, பிறகு ரிங்குக்கு ஏற்ற ரப்பரோ ஸ்பேனரோ, அதற்கும் மசியாவிட்டால் மிதமான சூடு. விளிம்பு நசுங்கிய லென்ஸுக்கு மட்டும் இது பொருந்தாது. அதை முதலில் நிமிர்த்த வேண்டும், அதற்கான கருவி பழுது பார்ப்பவரிடம் இருக்கும். வெட்டு ஏற்கெனவே கிழிந்திருந்தாலும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ரிங்கை வைத்ததும் இறுக்கும் பக்கம் திருகாதீர்கள். இந்த மரைகள் மிக நுண்மையானவை. ஹீலியோஸ் 44-2இன் ஃபில்டர் மரையே 49 மி.மீ. விட்டத்துக்கு 0.5 மி.மீ. இடைவெளிதான். முதலில் கழற்றும் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். மரை முனைகள் சந்திக்கும் இடத்தில் ரிங் சின்னதாக ஒரு 'டிக்'கோடு கீழே இறங்கும். அங்கிருந்து இறுக்கும் பக்கம் திருப்பினால் கடிக்காமல் உட்காரும். விரல் நுனியின் இறுக்கமே போதும்.