தாங்கி எதிர்வினைகள்: திருப்புத்திறன் சமன்பாடு ஒன்றா, இரண்டா?

உத்திரத்தின் சுமைக்கு எதிராகத் தாங்கி தரும் விசையே தாங்கி எதிர்வினை; விசையை அதன் செங்குத்துத் தூரத்தால் பெருக்கினால் திருப்புத்திறன். ஒரு தாங்கியைச் சுற்றி மட்டும் திருப்புத்திறன் எடுத்து, மற்ற எதிர்வினையைக் கழித்துப் பெறுவது முதல் வழி; இரு தாங்கிகளையும் சுற்றித் தனித்தனியே எடுப்பது இரண்டாம் வழி. 6 மீட்டர் உத்திரம் இரு முனைகளிலும் எளிய தாங்கிகளில் கிடக்க, இடமுனையிலிருந்து 2 மீட்டரில் 12 கிலோநியூட்டன் சுமை இருப்பதாகக் கொள்வோம்.

உழைப்பு: இடத்தாங்கியைச் சுற்றித் திருப்புத்திறன் எடுத்தால் 12 × 2 = 24; அதை 6 ஆல் வகுத்தால் வலத்தாங்கிக்கு 4, மொத்தச் சுமையிலிருந்து கழித்தால் இடத்தாங்கிக்கு 8. இரண்டாம் வழியில் அந்த 8-ஐ வலத்தாங்கியைச் சுற்றி 12 × 4 = 48, 48 ÷ 6 = 8 எனத் தனியே கணக்கிட வேண்டும்.

பிழை: முதல் வழியில் 4 தவறினால் 8-உம் சேர்ந்தே தவறும், ஆனால் கூட்டுத்தொகை 12 என்றே வருவதால் தவறு மறைந்துகொள்ளும் (நானும் இதில் ஏமாந்ததுண்டு). இரண்டாவதில் செங்குத்து விசைச் சமன்பாடு (எதிர்வினைகளின் கூட்டுத்தொகை = மொத்தச் சுமை) பயன்படாமல் எஞ்சுவதால், அதுவே சரிபார்ப்பாகிறது.

ஒற்றைச் சுமைக்கு முதல் வழி போதும். பரவல் சுமைகளும் தாங்கிக்கு அப்பால் நீண்ட முனைகளும் கலந்திருந்தால் இரண்டாவதையே எடுப்பேன்.