எண்ணூரில் வீடு: நாலரை வருஷ வாடகைக்காரனின் விமர்சனம்

முதலில் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன். எண்ணூரில் வாடகைக்கு இருக்க ஐந்துக்கு மூன்றரை. அங்கேயே சொந்தமாக வீடு வாங்க ஒன்றரை, அதில் அந்த அரை மீனுக்காக.

2021 ஜூனில் குடிவந்தோம். கத்திவாக்கம் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை, முதல் மாடி, இரண்டு படுக்கையறை, வாடகை 8,000, அட்வான்ஸ் 50,000. இதே காசுக்குத் தண்டையார்பேட்டையில் தேடிப் பார்த்தேன், ஒரு ரூமும் பக்கத்து வீட்டோடு தண்ணீர்ச் சண்டையும்தான் கிடைத்திருக்கும். வந்த புதிதில் ஆபீஸில் எல்லோரும் "அங்கேயா?" என்றார்கள். வாடகையைச் சொன்னதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

போன மார்கழியில் ஹவுஸ் ஓனர் அம்மா மேலே வந்தார். காபி குடித்துவிட்டு, "தம்பி, வெளியாளுக்குக் கொடுக்கிறதுக்கு நீயே எடுத்துக்கயேன், 32 சொல்றேன், உனக்குன்னா 30-ல முடிச்சுக்கலாம்" என்றார். பின்கோடு சென்னை 57, இரண்டு படுக்கையறை, முப்பது லட்சம். ஆசை வராதா? வந்தது. இரண்டு மாசம் தூக்கம் போய் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன், என்னை மாதிரி யாராவது இதே இடத்தில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தால் உதவட்டும்.

பழைய வீடு என்பதால் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், அதாவது 2 லட்சத்து 70 ஆயிரம். இப்போது கொடுக்கிற வாடகையில் இது கிட்டத்தட்ட 34 மாசம். வீட்டுக்குள் ஒரு ஆணி அடிப்பதற்கு முன்பே மூன்று வருஷ வாடகை போய்விட்டது. கையிலிருந்து 6 லட்சம் போட்டு 24 லட்சம் கடன் வாங்கினால், எட்டரை சதவீதத்தில் இருபது வருஷத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 20,800. முதல் வருஷம் வட்டி மட்டுமே இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. வருஷ வாடகையோ 96,000. "வாடகை கொடுப்பது தண்டம்" என்று என் மாமனார் சொல்வார். சரி மாமா, வட்டி என்ன புண்ணியமா?

ஆனால் என் மனசை மாற்றியது இந்தக் கணக்கு இல்லை. நாலரை வருஷத்தில் என் வாடகை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. ஓனர் அம்மா தங்கமானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் (தங்கமானவர்தான், அது வேறு). அப்புறம்தான் கீழ்வீடு ஏழு மாசம் பூட்டிக் கிடந்தது உறைத்தது. வாடகை என்பது இன்றைக்கு ஒருத்தன் இங்கே வந்து இருப்பதற்கு என்ன தருவான் என்கிற விலை, அதில் பொய் சொல்ல முடியாது. விற்கும் விலையில் எவ்வளவு கனவு வேண்டுமானாலும் ஏற்றலாம். எங்கள் தெருவில் மட்டும் 'வீடு விற்பனைக்கு' போர்டு நான்கு. அதில் ஒன்று நான் குடிவந்த நாளிலேயே இருந்தது. யாரும் விலையைக் குறைக்கவில்லை, யாருக்கும் விற்கவும் இல்லை. புரோக்கர் இதைப் பார்த்துவிட்டு "ரேட் நிக்குது சார்" என்கிறார். ரேட் நிற்கிறது, ஆள் வரவில்லை.

புரோக்கரிடம் இன்னொரு சீட்டும் இருந்தது, மெட்ரோ. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்தது உண்மை, அங்கே ஏறினால் நேராக ஏர்போர்ட்டிலேயே இறங்கலாம். "ரெண்டே வருஷத்துல டபுள் சார்" என்று அப்போதே சொல்லியிருப்பார்கள் போல. விம்கோ நகர் பக்கம் என்ன ஏறியதோ, எர்ணாவூரைத் தாண்டி எங்கள் தெருவுக்கு அது வந்து சேரவில்லை. நடுவில் இருப்பது கண்டெய்னர் லாரி வரிசை.

ஊர் ஏன் இப்படி ஆனது என்பது இங்கே பிறந்தவர்களுக்கு மனப்பாடம். வெள்ளைக்காரன் காலத்தில் காற்று வாங்க வந்த இடமாம் இது, இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் வந்தது, அதுதான் இன்றைய அசோக் லேலண்ட். 1970-ல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட், கூடவே நிரந்தரச் சம்பளக்காரர்கள், அவர்களை நம்பி மளிகை, தையல் கடை, டியூஷன். 2017 மார்ச்சில் அதை மூடினார்கள். புகை குறைந்தது நல்லதுதான், மாசம் பிறந்தால் கடைத்தெருவில் புழங்கின பணமும் கூடவே குறைந்தது. எதிர்வீட்டு அண்ணன் சொல்வார், முன்னெல்லாம் ஒண்ணாம் தேதி கடைத்தெருவில் நடக்க முடியாது, இப்போது ஸ்கூட்டரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் பேசலாம் என்று. கத்திவாக்கம் 2011-லேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது, ஆனால் இங்கே பாதிப்பேர் இன்னமும் "மெட்ராஸ் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறார்கள்.

அடுத்து 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு என்று பரவியது. கால்வாய் ஓரத்து வீடுகளின் சுவரில் தண்ணீர் ஏறின உயரத்துக்குக் கறுப்புக் கோடு, மீனவர்களின் வலை, படகு எல்லாம் தார் பூசின மாதிரி. அந்த வாடை போவதற்குள் 26-ம் தேதி நள்ளிரவு, கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் சனம் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு நடுராத்திரி தெருவில் ஓடியது. நான் மனைவியையும் பையனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வியாசர்பாடியில் மாமனார் வீட்டுக்குப் போனவன், ஒரு மாசம் கழித்துத்தான் திரும்பினேன். அந்த ஒரு மாசம் எனக்கு ஆன நஷ்டம் 8,000 ரூபாய். வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்த கீழ்த்தெரு தம்பதிக்குத் தவணையும் போனது, வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்த ஒரே பார்ட்டியும் போனது. மவுசு இறங்குகிற ஊரில் வீட்டை வாங்குவது பெரிய விஷயமே இல்லை, வெளியே வருவதற்குத்தான் வழி வேண்டும்.

கட்டடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1998-ல் கட்டியது, ஒரு கிரவுண்டில் (2,400 சதுர அடி) எட்டு வீடு, ஆக என் பங்குக்கு நிலம் 300 சதுர அடி. கடன் முடிகிற 2046-ல் கட்டடத்துக்கு வயசு 48 ஆகும், அதுவும் உப்புக்காற்றில். ஜன்னல் கம்பியைக் கையால் தேய்த்தால் துரு பொடியாகக் கொட்டுகிறது, ஏசியின் வெளி யூனிட் மூன்றே வருஷத்தில் செத்தது. துவைத்த துணியை மொட்டைமாடியில் காயப் போட்டால் மாலையில் கறுப்புத் தூசி. போர் தண்ணீர் கரிக்கும், குடிக்கக் கேன்தான்.

வாடகைக்கு இருப்பதிலும் எரிச்சல் இல்லாமல் இல்லை. ஓனருக்கு வீட்டின் மேல் நம்பிக்கை போய்விட்டால் செலவு செய்ய மாட்டார். மோட்டார் எரிந்தபோது நானே மாற்றி வாடகையில் கழித்துக்கொண்டேன், பாத்ரூம் சுவரின் ஈரம் அப்படியே இருக்கிறது. புது வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், எங்கள் தெருவில் யாரும் செய்வதில்லை, நீங்களாவது செய்யுங்கள்.

வாங்கவே கூடாதா என்றால், எதிர்வீட்டு அண்ணனிடம் என் வாதம் எடுபடவில்லை. வேலை நடக்கிற தூரத்தில், சொந்தம் முழுக்க இதே ஊரில், பட்டா உள்ள தனி மனையில் வீடு, கடன் கிடையாது. "விக்கிறதுக்காப்பா வீடு கட்டினேன்?" என்று கேட்டார், பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால் ஃபிளாட்டை விட்டுவிட்டு மனையாகப் பாருங்கள். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள், வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு ராத்திரி நேரம் தெருவில் நின்று பாருங்கள். விசாரிப்பதைத் தரைத்தள வாடகைக்காரரிடம் விசாரியுங்கள், ஓனரிடம் வேண்டாம்.

ஓனர் அம்மாவிடம் வேண்டாம் என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. வெளிக் கேட்டில் போர்டு மாட்டினார், தெருவில் அது ஐந்தாவது. வாங்கறவன் காலி பண்ணச் சொன்னால் மூணு மாசம் டைம் வாங்கித் தரேன் என்றார். போன வாரம் போர்டில் போன் நம்பர் உப்புக்காற்றில் மங்கிப்போயிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி நான்தான் பெயின்டால் மறுபடி எழுதிக் கொடுத்தேன்.